கோழி கத்தும் வரை

அக்டோபர் 6, ஞாயிறு

பேன்கேக் ஏஸா சுட்டான். முதல் இரண்டும் கருகின, வழக்கம்போல. கருகினதைத்தான் பெட்ரா கேட்டு வாங்கித் தின்றாள், அதுவும் வழக்கம்போல. டெஸ்மண்ட் முதல் படகுக்குக் கயிறு கட்டிவிட்டு நேரே வந்தான். ஸ்வெட்டரில் டீசல் வாசனை.

தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசை நடுவில் கோழியை வைத்தோம்.

இது வந்து மூன்று வருடம் ஆகிறது. சிவப்புக் கொண்டை, ஒரு கண்ணில் பெயின்ட் உரிந்துவிட்டது. கழுத்தைத் திருகினால் பத்து நிமிடம் டிக்டிக்கென்று ஓடி, கடைசியில் கிர்ரென்று கத்தும். முட்டை வேகவைப்பவர்கள் நேரம் பார்ப்பதற்காகச் செய்த கடிகாரம். எங்கள் வீட்டில் அது கத்தும் வரை ஒருவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

டெஸ்மண்டைப் பிடித்திருக்கிறது, ஆனால் உன்னை விடவும் மனமில்லை, உன்னிடம் மறைக்கவும் மனமில்லை என்று நான் என் கணவன் ஏஸாவிடம் சொன்ன வாரம்தான் அவன் இதை வாங்கி வந்தான். மூன்று நாள் பேசாமல் இருந்தான். நாலாம் நாள் யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்திலிருந்து கோழியோடு வந்து நின்றான். "நீ ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியம் பேசற ஆளு. இது ரெண்டு வாக்கியத்துல அடங்கற விஷயம் இல்ல. பேசு. நான் குறுக்க வரமாட்டேன்."

அன்று பேசினேன். அதற்கு முன் யாரும் என்னைப் பத்து நிமிடம் தொடர்ந்து கேட்டதில்லை. நான்காம் நிமிடத்தில் அழுதேன், எட்டாவதில் அவன் அழுதான். அடுத்த வருடம் ஏஸாவுக்குப் பெட்ராவைப் பிடித்துப்போனது. அந்த முறை கோழியைத் திருகியது அவன்.

இன்று பெட்ராவின் முறை: அடுத்த சனிக்கிழமை சந்தைக்கு ஏஸாவோடு போக வேண்டும், மாட்டுப் பந்தயம் பார்க்க வேண்டும், எண்ணெயில் பொரித்த சர்க்கரை ரொட்டி தின்ன வேண்டும். என் முறை: எனக்குக் கொஞ்சம் பொறாமை என்று சொன்னேன். மீதி நேரம் எல்லாரும் டிக்டிக்கைக் கேட்டோம். கத்தியபிறகு பெட்ரா கேட்டாள்: "எதுல பொறாமை?"

"உன் சிரிப்புல."

அதற்கும் சிரித்தாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அக்டோபர் 9, புதன்

தீவுக்குப் போய்க் கிணறுகளில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தேன். திரும்பும்போது டெஸ்மண்டின் படகு. எட்டு பயணிகள், ஒரு நாய், நாங்கள்.

அக்டோபர் 12, சனி

சந்தையில் குளிரும் என்று பெட்ராவுக்கு என் பச்சை ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினேன். வீடு முழுக்க எனக்கே. சத்தமில்லாமல் இருப்பது எவ்வளவு சுகம்.

அக்டோபர் 13, ஞாயிறு

லூயிஸ்டனிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு.

"நோயெல்லா, உக்காந்திருக்கியா?"

என் அத்தை, ஜானின் என்பது அவள் பெயர், நேற்று சந்தையில் இருந்திருக்கிறாள்.

"உங்க அத்தை இல்லாதத சொல்றவ இல்லடி. மாட்டுப் பந்தயம் பாத்துக்கிட்டு இருந்தாளாம். முன்னால உன் புருஷன். பக்கத்துல எவளோ ஒருத்தி. அவ உதட்டுல ஒட்டியிருந்த சர்க்கரைய இவன் வாயாலயே துடைச்சானாம். அதோட, அவ போட்டிருந்தது உன் ஜாக்கெட்டாம்! உன் பச்சை ஜாக்கெட்ட எடுத்துக் குடுத்திருக்கான், பாவி!"

'நான்தாம்மா கொடுத்தேன்' என்று வாய்வரை வந்தது. வந்தது அவ்வளவுதான். "ஓ" என்றேன்.

அந்த "ஓ"வைக் கேட்டு அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் நால்வரும் ஆரம்பத்திலேயே பேசிவைத்தது: அவரவர் வீட்டுக்கு அவரவர்தான் சொல்ல வேண்டும். எப்போது, எப்படி என்பது அவரவர் விருப்பம். மற்றவர் முந்திக்கொள்ளக் கூடாது. ஏஸா, பெட்ரா வந்த வருடமே சொல்லிவிட்டான். அவன் அப்பா அம்மா இருவரும் கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள். மாமியார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, டெஸ்மண்டுக்கும் பெட்ராவுக்கும் பிறந்தநாள் என்றைக்கு, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டார்.

என் வீடு அப்படியில்லை. அப்பா பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார், அம்மா பள்ளிச் சமையலறையில் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்தி. போன நாளிலிருந்தே பாதி தொலைந்துபோனவள் மாதிரிதான் என்னைப் பார்க்கிறார்கள். கோபமில்லை. கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் பயம். இதையும் சொன்னால் மீதிப் பாதியும்—

ஏஸாவிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவன் முகம் சிவந்தது. "இப்ப உங்க வீட்டுல நான் வில்லன்" என்றான். பிறகு, "உன் கதை. நீ சொல்றப்ப சொல்லு."

அக்டோபர் 20, ஞாயிறு

லுக் அண்ணனுக்கு லூயிஸ்டனில் டயர் கடை. குடும்பத்தில் எல்லார் காருடைய குளிர்கால டயர்களும் அவன் கொட்டகையில்தான் கிடக்கும். பனிக்கு முன் போனால் மாற்றித் தருவான், பீர் வாங்கிக்கொடுத்தால் போதும்.

இன்று ஏஸா ஃபோன் செய்தான். லுக்கின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

"டயரா? எந்த டயரு மச்சான்? உன் டயர அந்தச் சர்க்கரைக்காரிகிட்ட போய்க் கேளு!"

வைத்துவிட்டான். உடனே எனக்கு அடித்தான். "நோல்லி, உன் கார எப்ப வேணா கொண்டா. மாத்தித் தர்றேன். அவனோடது கொட்டகையிலயே மக்கட்டும்."

லுக்குக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு கோபம் வர ஒரு காரணம் இருக்கிறது. அவன் மனைவி வேறொருவனோடு பழகியது ஊர் முழுக்கத் தெரிந்தபிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. விவாகரத்தாகி நாலு வருடம். இன்னும் அவள் இருக்கும் சாலை வழியாகக் கார் ஓட்ட மாட்டான்.

புது டயர் வாங்கிக்கொள் என்றேன் ஏஸாவிடம். மாட்டானாம். "வாங்கினா லுக் சொன்னத ஒத்துக்கிட்ட மாதிரி." நல்லவன்தான். பிடிவாதத்தில் கழுதை.

"பனி விழறதுக்குள்ள சொல்லிடறேன்" என்றேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பெட்ரா பத்து நிமிடமும் பேசினாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

அவளும் ஏஸாவும் இப்போது வெளியே கை கோத்து நடப்பதில்லையாம். லூயிஸ்டன்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று கடைக்குள் போனாலே திரும்பித் திரும்பிப் பார்க்கிறாளாம். விலங்கு மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், கடிக்கிற நாய்க்கெல்லாம் பயப்படாதவள்.

"உன் வீட்டு ஆளுங்க கண்ணுல நான் திருடி. நான் திருடல. இந்த வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு. அந்தச் சாவிய என் கையில குடுத்தது நீதான், நோயெல்லா. உன்ன அவசரப்படுத்த மாட்டேன், அது நம்ம பேச்சு. ஆனா வலிக்குதுன்னு சொல்றதுக்குத்தானே இந்தக் கோழி? வலிக்குது."



நவம்பர் 9, சனி

லூயிஸ்டன் போனேன். சொல்லிவிடுவது என்றே போனேன். நாலு தடவை ஆரம்பித்தேன்.

முதல் தடவை, "அம்மா, ஏஸா விஷயம்—" என்றதும் அம்மா, "அவன் பேர இந்த வீட்டுல எடுக்காத" என்று முட்டைக்கோஸை வெட்டினாள். இரண்டாம் தடவை லுக் புகுந்தான். மூன்றாம் தடவை ஜானின் அத்தை ஃபோனில் வந்தாள், ஸ்பீக்கரில் போட்டார்கள், சந்தைக் கதை முழுக்க மறுபடி ஓடியது. இந்த முறை சர்க்கரை இன்னும் அதிகம். நாலாவது தடவை அப்பாவிடம். அவர் அடுக்களை ஜன்னலருகே நின்று வானத்தைப் பார்த்தார். "அடுத்த வாரம் பனி வரும்" என்றார்.

எங்கள் வீட்டில் பேச்சு என்றால் யார் குரல் பெரிசு என்பதுதான். பெரிய குரல் இல்லாதவர்கள் நானும் அப்பாவும். நான் புத்தகத்துக்குள் போய்விட்டேன், அவர் லாரிக்குள் போய்விட்டார்.

மாடியில் என் பழைய அறையைத் தூசி தட்டி, மெத்தைக்குப் புது விரிப்பு போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. "எப்ப வேணும்னாலும் வந்துடு. ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

அந்த விரிப்பைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன்.

கிளம்பும்போது ஒரு தூர்த்தியே கட்டிக் கொடுத்தாள். மாவு மடிப்புக்குள் பன்றிக்கறி வைத்து அம்மா சுடுவதுபோல் யாராலும் சுட முடியாது. "சின்னதுதான். நீ மட்டும் சாப்பிடு. அவனுக்குக் குடுக்காத."

வீட்டுக்கு வந்து நாலாக வெட்டினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கோழியை யாரும் எடுக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

முதலிலேயே எழுதிவிடுகிறேன்: ஏஸாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மதியத்திலிருந்து பனி. அவன் வேலை பார்க்கும் பள்ளி முடிந்து வரும்போது ஏரி வளைவில் கார் வழுக்கி, சாலையோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றிருக்கிறது. வழுவழு டயர், வேறென்ன ஆகும்? ஃபோனில் சார்ஜ் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவன் கண்ணில் மஞ்சள் விளக்கு சுழன்றது. பனி தள்ளும் லாரி.

அந்தச் சாலை அப்பாவின் சாலை.

அப்பா இறங்கினார், பார்த்தார். சங்கிலி மாட்டிக் காரை இழுத்து மேலே போட்டார். முன்சக்கரம் கோணியிருந்தது, ஓட்ட முடியாது. லாரிக் கதவைத் திறந்து "ஏறு" என்றார். தன் சாலையில் பனி தள்ளி முடித்துவிட்டுத்தான் கொண்டு வந்து விட்டார், முக்கால் மணி நேரம் போல. நான் கதவைத் திறந்தபோது லாரி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா கையைத் தூக்கினார், அவ்வளவுதான்.

"என்ன பேசினாரு?"

"அந்தப் பொண்ணு யாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நோயெல்லா சொல்லுவான்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் கேக்கல. ஹீட்டர என் பக்கம் திருப்பி விட்டாரு."

இவன் செத்திருப்பான்டி, நோயெல்லா. என் வாயில் ஒரு வாக்கியம் வராததால் இவன் அந்த ஏரிக்குள்ள கிடந்திருப்பான். அப்பவும் எங்க வீட்டில என்ன சொல்லியிருப்பாங்க? 'அவனுக்கு வேணும்'னு சொல்லியிருப்பாங்க. நான் 'ஓ'ன்னு சொல்லியிருப்பேன். போதும். போதும்.

நவம்பர் 24, ஞாயிறு

என் முறை வந்ததும் கோழியைத் திருகவில்லை. கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இத நான் லூயிஸ்டனுக்கு எடுத்துட்டுப் போறேன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஏஸா கூட வரட்டுமா என்றான். வேண்டாம், நீ வந்தால் எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பார்கள், என்னைக் கேட்கமாட்டார்கள் என்றேன்.

"உங்க வீட்டு ஆளுங்க நிஜமா பத்து நிமிஷம் வாய மூடுவாங்களா?" — பெட்ரா.

"தெரியாது."

டெஸ்மண்ட் தாடியைச் சொறிந்தான். "சத்தமா பேசணும்னு நெனைக்காத. நான் தினம் ஒலிபெருக்கியில 'உக்காருங்க'ன்னு கத்தறேன், ஒருத்தரும் உக்கார்றதில்ல. மெதுவா சொன்னாத்தான் என்னன்னு குனிஞ்சு கேப்பாங்க."

அப்போதுதான் பெட்ரா சிரித்தாள். மூன்று வாரம் கழித்து. எனக்குப் பொறாமையே வரவில்லை.

நவம்பர் 28, வியாழன். தேங்க்ஸ்கிவிங்

விடாமல் எழுத வேண்டும், ஒன்றுகூட மறந்துவிடக் கூடாது.

மேசையில் அம்மா, அப்பா, லுக், நான். ஜானின் அத்தை தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், புண்ணியம். அம்மா செபம் சொன்னாள். "ஆமென்" என்றதும் கைப்பையிலிருந்து கோழியை எடுத்து வான்கோழிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

லுக் பார்த்தான். "இது என்னடி? பெருசு செத்துக் கிடக்கு, துக்கம் விசாரிக்க சின்னது வந்திருக்கா?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுந்து நின்றேன். பள்ளியில் ஒப்பிக்கும்போது நிற்பதுபோல நின்றிருப்பேன்.

"இதத் திருகினா பத்து நிமிஷம் ஓடும். கத்தற வரைக்கும் நான் மட்டும் பேசுவேன். யாரும் குறுக்க வரக்கூடாது. அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா சொல்லுங்க. இந்த வீட்டுல நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இத மட்டும் கேக்கறேன்."

"சாப்பாடு ஆறிடும்—" என்றாள் அம்மா.

"ஆறட்டும்" என்றார் அப்பா.

திருகினேன்.

டிக்டிக். லுக் முள்கரண்டியை உருட்டினான். பிறகு மெதுவாக, டெஸ்மண்ட் சொன்னதுபோல:

"ஏஸா என்ன ஏமாத்தல. ஏமாத்தறதுன்னா எனக்குத் தெரியாம செய்யறது. எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு பேரு பெட்ரா. அவ போட்டிருந்த ஜாக்கெட்ட நான்தான் குடுத்தேன், குளிரும்னு. எங்க கல்யாணத்துல நாங்க ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டது இது. யாரும் யாரையும் விட்டுப் போகல. யாரும் எதையும் மறைக்கல. இதக் கேட்டது ஏஸா இல்ல. முதல்ல கேட்டது நான்."

"என்னது!" லுக்கின் நாற்காலி பின்னால் போனது. "அப்ப உனக்கும் எவனோ—"

அப்பா கையைத் தூக்கினார். பனியில் பின்னால் வரும் கார்களை நிறுத்தத் தூக்குவாரே, அதே கை.

"கோழி கத்தல" என்றார்.

லுக் உட்கார்ந்தான். என் அண்ணன் பேச்சைப் பாதியில் நிறுத்தி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டெஸ்மண்டைப் பற்றிச் சொன்னேன். தீவுப் படகில் வேலை, கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு, என்னைவிடக் கொஞ்சம்தான் அதிகம் பேசுவான் என்று. ஞாயிறு பேன்கேக் பற்றிச் சொன்னேன். பொறாமை வருமா என்று அம்மா கண்ணாலேயே கேட்டதால் அதையும் சொன்னேன்: வரும், வந்தால் சொல்லிவிடுவோம், அதற்குத்தான் இந்தக் கோழி. இது கல்லூரி சொல்லிக்கொடுத்தது இல்லை என்றேன். கல்லூரியில் நான் யாரோடும் பேசவேயில்லை. பேசக் கற்றது என் வீட்டு அடுக்களையில்.

"ஏழு வாரமா நீங்க ஏஸாவத் திட்டறீங்க. அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பான். எனக்காகச் சொல்லல. பள்ளத்துல விழுந்தும் சொல்லல. நான் சொல்லணும்னு காத்திருந்தான். என்னப் பாத்து நீங்க பரிதாபப்பட வேண்டாம். நான் சந்தோஷமா இருக்கேன். என் அறைக்கு விரிப்பு போட வேண்டாம்மா."

பிறகு சொல்ல எதுவும் இல்லை. நிறைய நேரம் மீதி இருந்தது. நான் கோழியை நிறுத்தவில்லை. அது என் நேரம். குழம்பின்மேல் ஆடை படிந்தது. அம்மா ஜெபமாலையைத் தேடிக் கையை மடியில் அலையவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கிர்ர்ர்.

மூவரும் ஒரே சமயத்தில் வாய் திறந்தார்கள். ஆனால் முந்தியது அம்மா. கையை நீட்டிக் கோழியைப் பிடுங்கித் தன் முன்னால் வைத்து, கழுத்தை ஒடித்துவிடுவதுபோலத் திருகினாள்.

"இப்ப நான்! அப்ப அது என்னடி கல்யாணம்? ரெண்டு பேருக்கு நடுவுல ஊரையே உக்காத்தி வெக்கறதா? சாமி முன்னால நின்னு நீ என்ன சொன்ன? இத நான் கோயில்ல யார்கிட்ட சொல்ல முடியும்? ஜானின்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்லுவேன்? எனக்குப் பிடிக்கல. எனக்குப் புரியல. புரியும்னும் தோணல." மூச்சு வாங்கினாள். கோழி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் குறுக்கே வரவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லை, திகைத்துவிட்டாள். குரல் இறங்கியது. "…ஏழு வாரம் அந்தப் பையன வாய்க்கு வந்தபடி பேசினேன். தூர்த்தியே குடுக்காதன்னேன். மூணு வருஷமா எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கியே. என்னப் பாத்து அவ்வளவு பயமாடி?"

கேள்விதான். கோழி ஓடும்போது நான் பதில் சொல்ல முடியாது. மேசைமேல் கையை மட்டும் நீட்டினேன். அவள் அதைப் பற்றிக்கொள்ளவில்லை. தட்டியும் விடவில்லை.

லுக் தன் முறைக்குக் கோழியைத் திருகவே இல்லை. "உனக்கு நிஜமாவே தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"முதல்லருந்து. அவங்க ரெண்டு பேரும் சேந்து காபி குடிக்கப் போறதுக்கு முன்னாலயே."

"ஊர்ல மத்தவங்களுக்கு முன்னாடியே?"

"எல்லாருக்கும் முன்னாடி, அண்ணா."

அவன் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தான். "எனக்கு ஒருத்தரும் சொல்லல" என்றான். லுக் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் அப்பா கோழியைத் தன் பக்கம் இழுத்தார். பெரிய விரலால் பத்திரமாகத் திருகினார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என் லாரியில உக்காந்து வந்தான்" என்றார். "யாருன்னு கேட்டேன். நீ சொல்லுவன்னான். தப்பு பண்ணவனுக்கு வாய் ஓயாது. முப்பது வருஷமா பள்ளத்துலருந்து ஆளுங்கள இழுத்துப் போடறேன், குடிச்சிட்டு விழுந்தவன் ஊர்க்கதையெல்லாம் பேசுவான். இவன் கம்முனு வந்தான். அப்பவே எனக்குத் தோணுச்சு, இதுல வேற என்னமோ இருக்குன்னு."

மறுபடி டிக்டிக். கத்துவதற்குச் சற்று முன்:

"லுக், அந்த டயர எடுத்துக் குடு."

கிர்ர்ர்.

அம்மா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே குழம்பைச் சூடு பண்ணப் போனாள். ஆறிப்போன வான்கோழியை எல்லாரும் சாப்பிட்டோம். திரும்பக் கார் ஓட்டி வரும் வழியெல்லாம் சத்தமாகப் பாடினேன். எனக்குப் பாட வராது.

வீட்டில் மூவரும் கதவருகே நின்றிருந்தார்கள். ஏஸா என் முகத்தைப் பார்த்தான். "கோழி எங்கே?" என்றான்.

மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 30, சனி

அம்மாவிடமிருந்து ஃபோன் இல்லை.

டிசம்பர் 7, சனி

காலையில் லுக்கின் வேன் வாசலில். யாரிடமும் பேசாமல் ஜாக்கியைப் போட்டு, பணிமனையிலிருந்து நேற்றுத்தான் வந்த ஏஸாவின் காருக்கு டயர் மாற்றினான். ஏஸா பீர் கொண்டுவந்து நீட்டினான். லுக் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாங்கினான்.

"சர்க்கரைன்னு சொன்னேன்ல" என்றான், பீர் டின்னைப் பார்த்து. "அது வேணாம். மறந்துடு மச்சான்."

அப்போது பெட்ரா அவள் காரில் வந்து இறங்கினாள். லுக் அவளைப் பார்க்கவில்லை. அவள் கார்ச் சக்கரத்தைப் பார்த்தான். குனிந்து விரலால் தடவினான்.

"இதுலயா ஓட்டறீங்க? கூழாங்கல்லு மாதிரி இருக்கு. செத்துடுவீங்க. திங்கக்கிழம கடைக்குக் கொண்டாங்க."

"உங்க கடைக்கா? என்ன உள்ள விடுவீங்களா?"

"கார உள்ள விடுவேன். உங்களப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்."

பெட்ராவின் சிரிப்பு தெருவைத் தாண்டியது. லுக் காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் அவனுக்கும் உதடு கோணியது, நான் பார்த்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

அடுப்பின் கடிகாரத்தை வைத்து ஓட்டப் பார்த்தோம். சரிவரவில்லை. யாராலும் அதை மதிக்க முடியவில்லை.

டிசம்பர் 25, புதன்

ஏஸாவோடு லூயிஸ்டன் போனேன். அம்மா அவனைப் பார்த்ததும் பேச்சில்லாமல் அவன் தட்டில் தூர்த்தியேயைப் போட்டாள். தின்றதும் இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. மன்னிப்புக் கேட்பதற்கு எங்கள் அம்மாவுக்கு அதுதான் வழி. அவன் மூச்சு முட்ட ஏற்றுக்கொண்டான்.

ஜானின் அத்தை என்னோடு பேசவில்லை. எனக்குத் தெரிந்து இப்படி அமைதியாக அவள் இருந்ததேயில்லை.

கிளம்பும்போது அம்மா பையைக் கையில் திணித்தாள். இரண்டு தூர்த்தியே இருந்தது. "ஏம்மா ரெண்டு?"

"எனக்குப் புரியலன்னு சொன்னேன். அவங்க பட்டினி கெடக்கணும்னு சொல்லல." பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு: "அந்தப் படகுக்காரனுக்கு மிளகு ஒத்துக்குமா?"

ஜனவரி 5, ஞாயிறு

மூன்று பேரும் காத்திருந்தார்கள், அடுப்பின் கடிகாரம் வேண்டவே வேண்டாம் என்று. நான் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"அம்மா, எங்க கோழி—"

"அது இங்கதான் இருக்கு. இருக்கட்டும் கொஞ்ச நாள்."

குரல் தாழ்ந்திருந்தது, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல. பின்னால் டிக்டிக் என்று சத்தம்.

"யாரும்மா பேசிட்டு இருக்கா?"

"உங்கப்பா. நான் உள்ள ஓடி வந்து எடுத்தேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான்டி தானா பேசணும்னு திருகியிருக்காரு. வை."

வைத்துவிட்டேன்.